மூடியின் உட்புறம்

சென்ற தவணை விடுமுறையில் மச்சானின் தோணிக்கு அடிப்பக்கம் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. சீனக்குடாவுக்கு அப்பால், கிண்ணியா வீதியோரம் இருக்கும் பைபர் பட்டறை ஒன்றுக்கு அதை ஏற்றிக்கொண்டு போனோம். பட்டறைக்காரன் என்னிடம் படித்தவன். படித்தவன் என்று சொல்வது எனக்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் படுகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டவன். நான் அப்போதுதான் நியமனம் பெற்று வந்திருந்தேன். ஒரு தவணைப் பரீட்சையில் கணிதப் பாடத்துக்குப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான். விடைகளோடு நின்றிருக்கலாம். பக்கத்துப் பையனின் சுட்டெண்ணையும் சேர்த்து எழுதிவிட்டான். அந்தத் தாளை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டிச் சிரித்தவன் நான். பார்த்து எழுதுவதன் இழிவைப் பற்றி அன்று பத்து நிமிடமாவது பேசியிருப்பேன்.

அவன் இன்று பார்த்துச் செய்வதையே தொழிலாகக் கொண்டிருக்கிறான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கரையோரங்களில் பைபர் படகு கட்டும் கொட்டில்கள் முளைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவசரத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட படகுகளின் தரம் பற்றி அப்போதே முறைப்பாடுகள் எழுந்தன. அப்படியொரு கொட்டிலில் ரெசின் வாளி தூக்கப் போனவன், கைவேலை பழகி, இப்போது தனக்கென ஒரு பட்டறையும் இரண்டு பையன்களும் வைத்திருக்கிறான்.

அன்று பட்டறையின் நடுவில், இரண்டு மரக்குற்றிகளுக்கு மேல், எந்தத் தோணிக்கும் சேராத பொருளொன்று கிடந்தது. ஆமை முதுகு போன்ற வளைவு. நடுவில் காற்றுப் போக ஒரு சட்டம்.

“இது எந்தப் போட்டுட மூடி தம்பி?” என்று கேட்டேன்.

“போட்டில்ல சேர், கார். எஞ்சின் மூடி.”

கார் வெளியே வேம்பின் கீழ், கன்வஸ் போர்த்தியபடி நின்றது. கொழும்பில் தொழில் செய்து, மாதத்தில் சில நாட்கள் நிலாவெளியில் வந்து தங்கும் ஒருவருடையது. கன்வஸை விலக்கிக் காட்டினான். தாழ்ந்த கண்ணாடியும் உருண்ட தோளுமாக, பழைய ஆங்கிலப் படங்களில் கடற்கரை வீதியில் ஓடுகிற கார். போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர். ஆனால் போர்ஷே அல்ல. அடியில் இருப்பது பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலின் தளமும் எஞ்சினும். மேலே இருப்பது முழுவதும் பைபர். பதிவுப் புத்தகத்தில் வொக்ஸ்வாகன் என்றுதான் இருக்கிறதாம். உரிமையாளர் அதை மறைக்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம்.

வொக்ஸ்வாகன் ஓடித் திரிந்த காலத்து ஆட்களுக்குத் தெரியும்: அதில் முன்பக்கத்தைத் திறந்தால் சாமான் பெட்டி, பின்பக்கத்தைத் திறந்தால் எஞ்சின். தண்ணீர் இல்லாமல் காற்றால் குளிரும் எஞ்சின். அந்தக் காற்று மூடியிலுள்ள சட்டத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். எனவே மூடி என்பது வெறும் மூடியில்லை, மூக்கும்தான். அசல் காரில் அது உலோகத் தகடு. நகலில் பைபர். எஞ்சின் சூடும் திருகோணமலை வெயிலும் சேர்ந்து விளிம்பை வளைத்திருந்தன. பிணைச்சல் பூட்டிய இரண்டு இடங்களிலும் சிலந்தி வலை போல வெடிப்பு.

வெடிப்பு புதிதில்லை. முன்பு யாரோ ஒருவர் அதன்மேல் புட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று நிறமடித்துக் கொடுத்திருக்கிறார். பையன் கிரைண்டரைப் பிடித்ததும் ஒரு விரல் தடிப்புக்குப் புட்டி உதிர்ந்தது. கீழே பைபர் இரண்டாகப் பிளந்தபடியே இருந்தது.

“பெயின்ட நம்பி வேல செஞ்சிருக்கான் சேர்” என்றான் என் மாணவன். அந்த வசனத்தில் குற்றச்சாட்டு இருந்ததாகத் தெரியவில்லை. வைத்தியர் நோயைச் சொல்வது போலச் சொன்னான்.

புதிய மூடி வாங்கலாமா என்பது உரிமையாளரின் முதல் யோசனை. வெளிநாட்டில் கிடைக்கும். ஆனால் நகல் கார்களின் உடல் செய்பவருக்குச் செய்பவர் கொஞ்சம் வேறுபடும். ஒன்றின் மூடி மற்றதில் சரியாக உட்காராது. டொலரும் தீர்வையும் தனிக் கதை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய வாகனம் ஒவ்வொன்றும் பிள்ளை போலப் பார்க்கப்பட்டது. ஆகவே ஒட்டுவதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு என் மாணவன் கண்ட வழி இரண்டும் சேர்ந்தது. பழையதை முதலில் ஒழுங்காக ஒட்ட வேண்டும். வெடிப்பின் இரு பக்கமும் அகலமாக, சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நார் விரிப்பை ரெசினில் தோய்த்துப் படைபடையாக ஏற்ற வேண்டும். பிறகு மெழுகு பூசி, அதன்மேல் ஓர் அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள் புதிய மூடியை வார்க்க வேண்டும். பழையது அச்சு கொடுத்ததோடு ஓய்வு பெறும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அச்சு எதையும் மன்னிப்பதில்லை. பழைய மூடியில் மயிரளவு கீறல் இருந்தால் புதியதிலும் அது இருக்கும். நூறு பங்கு ரெசினுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு ஹார்ட்னர். உச்சி வெயிலில் அதிலும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளியிலேயே இறுகிவிடும். கணிதத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் இதையெல்லாம் தராசு வைத்து அளந்துகொண்டிருந்தான்.

ரெசின் இறுகக் காத்திருந்த நேரத்தில்தான் அவன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டான். அசல் காரின் மூடியில் பெயர் எழுத்துக்கள் பதித்திருக்கும். உரிமையாளர் அந்த எழுத்துக்களை வாங்கி வைத்திருக்கிறார். புதிய மூடியில் துளை போட்டுப் பூட்டித் தர வேண்டுமாம்.

“அதப் பூட்டிக் குடுக்கிறது பாவமா சேர்?”

ஆலிமிடம் கேட்க வேண்டியதை ஆசிரியரிடம் கேட்கிறான் என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் இவன் என்னிடம் கேட்டதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. பார்த்துச் செய்வது இழிவு என்று வகுப்பில் சொன்னவன் நான்தானே.

உடனே பதில் வரவில்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்களுக்குள் ஓயாமல் நடந்த ஒரு விவாதம் ஞாபகத்துக்கு வந்தது. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் பாதுகாத்தார்கள். பலகை இற்றுப் போகப் போக மாற்றினார்கள். எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பலா என்று புளூட்டார்க் காலத்திலிருந்தே கேட்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இன்னொரு சிக்கலைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் எடுத்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? விடுதியில் இரவு இரண்டு மணி வரை இதைப் பேசியிருக்கிறோம். இப்போது யோசித்தால், கப்பலில் ஏற வேண்டிய தேவை இல்லாதவர்களின் கேள்வி அது என்று படுகிறது.

அசல் என்ற சொல்லும் இந்தக் காரின் விஷயத்தில் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பீட்டிலை 1930களில் வடிவமைத்தவர் ஃபெர்டினன்ட் போர்ஷே. யுத்தத்துக்குப் பிறகு, 1948இல், ஒஸ்திரியாவின் குமுண்ட் என்ற சிற்றூரில் அவருடைய மகன் ஃபெரியும் கூட்டாளிகளும் முதலாவது 356ஐச் செய்தபோது அதில் பல பாகங்கள் வொக்ஸ்வாகனிலிருந்து எடுத்தவை. ஸ்பீட்ஸ்டர் வந்தது 1954இல். அமெரிக்க இறக்குமதியாளர் மெக்ஸ் ஹொஃப்மன் விலை குறைந்த ஒன்று வேண்டும் என்று கேட்டதனால், கூரையையும் கண்ணாடியையும் ஆசனத்தையும் சுருக்கிச் செய்தது. 1965 வரை 356 வகையில் சுமார் 76,000 கார்கள்தான் வெளிவந்தன. பீட்டிலோ 2003இல் மெக்சிக்கோவில் கடைசியாக நிறுத்தப்படும்போது இரண்டு கோடி பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எனவே பீட்டிலின் தளத்தில் முப்பது சென்ரிமீற்றரை வெட்டிக் குறைத்து, மேலே பைபர் உடல் மாட்டும் நகல்காரன், ஒரு வகையில் தாய்வீட்டுக்கே திரும்புகிறான். உம்மாவின் சாயலில் மகள் இருப்பதைப் பொய் என்று எவரும் சொல்வதில்லை.

நகல் செய்வதே குற்றமென்றால் நாங்கள் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். முதலாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதுவது என் ‘அ’வைப் பார்த்து. அச்சியந்திரம் வருவதற்கு முன் எங்கள் கிதாபுகளெல்லாம் பார்த்து எழுதியவர்களின் கையால்தான் வந்து சேர்ந்தன. அந்த எழுத்தர்களிடம் நல்ல வழக்கமொன்று இருந்தது: நூலின் கடைசியில் தன் பெயரையும், எழுதி முடித்த நாளையும், எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினேன் என்பதையும் பலர் குறித்து வைத்தார்கள். பிரதி என்பதில் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை.

இப்படியெல்லாம் அவனிடம் சொல்லி, “அந்த ஆளுக்கு விக்கிற எண்ணமில்லையே, கேட்கிறவங்களுக்கு உண்மையச் சொல்றார்தானே, பிறகென்ன?” என்று முடித்திருப்பேன். வாயைத் திறக்கும்போதுதான் வாப்பாவின் தோணி வந்து குறுக்கே நின்றது.

வாப்பாவிடம் ஒரு பைபர் தோணி இருந்தது. எஞ்சின் பூட்டும் பின்பலகையில் பழுது. பைபர் தோணியின் பின்பலகை முழுவதும் பைபர் அல்ல. உள்ளே பலகை வைத்து, இரு பக்கமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். எஞ்சின் பூட்டும் ஆணித் துளை வழியாக உப்புத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை பிட்டுப் போல ஊறிப் போகும். வெளியே பைபர் மினுமினுவென்றே இருக்கும். விரல் முட்டியால் தட்டினால்தான் தெரியும். நல்ல இடம் கணீரென்கும், ஊறிய இடம் பொத்தென்கும். வாப்பாவுக்கு அது தெரியும். இரவல் கேட்டு வருகிறவர்களிடம் தட்டிக் காட்டியே கொடுப்பார். “கரையோட மட்டும் போ, வெளிக்கடலுக்குக் கொண்டுபோகாத” என்பார். அந்தத் தோணியைப் பற்றிய உண்மை அவருடைய வாயில் இருந்தது. 2010இல் வாப்பா மௌத்தானார்.

அடுத்த வருடம் தோணியை விற்றோம். யுத்தம் முடிந்து கடல் திறந்திருந்த காலம். தோணிக்கு நல்ல கிராக்கி. தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட வேண்டும். வீடு முடியாமல் கல்யாணம் நடக்காது என்பது எங்கள் பக்கத்து வழமை, அதைப் பற்றி நான் வேறோர் இடத்தில் எழுத வேண்டும். தோணியைக் கழுவி, பெயின்ட் அடித்தோம். வாங்க வந்தவர் கொட்டியாரக் குடாவின் மறு கரையைச் சேர்ந்தவர், என்னை விட மூத்தவர். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “பழுது ஏதும் இருக்கா மாஸ்டர்?” என்று கேட்டார்.

“நல்லாப் பாத்து எடுங்க காக்கா” என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பல வருடங்கள் இந்த வசனத்தை வைத்துக்கொண்டு சமாளித்தேன். அவர் கேட்டது தோணியை நம்பியல்ல, மாஸ்டர் என்ற சொல்லை நம்பி. அந்தச் சொல்லை நான் புட்டி போலப் பூசினேன்.

ஒரு வருடம் கழித்து வந்தார். கடலில் பின்பலகை பிளந்து, எஞ்சின் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. பின்னால் வந்த தோணிக்காரர்கள் கட்டியிழுத்துக் கரை சேர்த்திருக்கிறார்கள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தேத்தண்ணி குடித்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: “நீங்க செல்லியிருந்தா விலயக் கொறச்சிக் கேட்டிருப்பன் மாஸ்டர். வாங்காம உட்டிருக்க மாட்டன்.”

மூட்டை தானியத்துக்குள் நபிகளார் (ஸல்) கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவம் நம்மில் எல்லாருக்கும் தெரியும். நானே பத்துத் தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் வியாபாரம் பற்றிய பகுதியில் எடுத்துச் சொல்வது. ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகமொன்றை விற்றார். பக்கத்தில் நின்ற வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) வேறு யோசனையில் இருந்துவிட்டார். வாங்கியவர் ஒட்டகத்தோடு போன பிறகுதான் நினைவு வந்தது. பின்னால் ஓடிப் போய்க் கேட்டார்: இதை இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்துக்கு வாங்கினீரா? பயணத்துக்கு என்றார். இதன் குளம்பில் ஒரு துளை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன், தொடர்ந்து நடக்காது என்றார். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைத்தார், வாஸிலாவிடம் மனவருத்தமும் பட்டார்.

விற்றவருமில்லை, வாங்கியவருமில்லை, பக்கத்தில் நின்றவர். அவர் ஓடினார். அதற்கு மேல் அவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். ஒட்டகம் நல்லதா, கெட்டதா, அசலா என்று அவர் பேசவில்லை. எதற்காக என்று கேட்டார். இறைச்சிக்கென்றால் குளம்பின் துளை ஒரு பொருட்டே இல்லை. தீசியஸின் கப்பலுக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். காட்சிக்கு வைக்கவா, கடலில் விடவா? காட்சிக்கென்றால் பலகையின் வயது முக்கியம். கடலுக்கென்றால் பலகையின் பலம் மட்டும்தான் முக்கியம். எங்கள் பகுதியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மௌத்தான பிறகு, ஒரு பிள்ளை மிதக்கும் எதில் கால் வைத்தாலும் என் கண் அதன் அடியைத்தான் தேடுகிறது.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு இருந்ததில் என் மாணவனுக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அவன் ரெசினை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த ஆள் நல்லவர்தான் தம்பி,” என்றேன். “கேட்டா உண்மையச் சொல்லுவார். அவர் இல்லாத காலத்தில கார் இருக்கும். அப்ப யார் சொல்றது?”

உண்மையை மனிதர்களின் வாயில் மட்டும் வைத்திருந்தால் அது மையத்தோடு கபுறுக்குப் போய்விடுகிறது. அல்லது மகனுக்கு வாரிசாக வருகிறது. மகனுக்குக் கூரைத் தகடு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கொழும்புக்காரரின் மகனுக்கு நாளை என்ன தேவை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பெயர் எழுத்து பளபளக்கும் ஒரு காரைக் காட்டி, நல்லாப் பாத்து எடுங்க என்று அவனும் சொல்லலாம்.

அவனுக்கு நான் சொன்னது முழுதும் விளங்கியதா தெரியாது. ஆனால் அவனிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. தான் ஒட்டுப் போடுகிற தோணிகளில் வெளிப்பக்கத்தைத்தான் தேய்த்து மினுக்கிக் கொடுப்பானாம். உட்பக்கத்தில் ஒட்டுப் போட்ட இடத்தை நிறமடிக்காமல், நார் தெரிய அப்படியே விட்டுவிடுவான். “வாங்கிறவன் குனிஞ்சு பாத்தா தெரியணும் சேர்” என்றான். மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, கடைசிப் படைக்கு அடியில் வைத்து ரெசின் பூசினால் தாள் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். தோணிகளில் திகதியை அப்படித்தான் போடுகிறான். பேனை மை கலங்கும், பென்சில் கலங்காது.

“மூடிக்கும் போடுவம். நீங்க எழுதித் தாங்க சேர். என்ட எழுத்து உங்களுக்குத் தெரியும்தானே.”

உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டான். அவருக்கு அது பெரிய சந்தோசமாம். ஆங்கிலத்திலும் எழுதச் சொன்னார். பெயர் எழுத்துக்களைத் தானே வீட்டில் பூட்டிக்கொள்வதாகவும் சொன்னார். பூட்டிக்கொள்ளட்டும். வீதியில் கையசைக்கும் பிள்ளைகளுக்கு அது போர்ஷேயாகவே போகட்டும், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பட்டறையில் கிடந்த பலகையொன்றை மடியில் வைத்து எழுதினேன். மூடி பைபர். கார் நகல். பழைய மூடியில் அச்சு எடுத்துத் திருகோணமலையில் வார்த்தது. வருடம் 2025. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. செய்தவனின் பெயர் எழுதும்போது பட்டறையின் இலக்கத்தையும் கேட்டேன்.

“சுட்டெண் சரியா எழுதுங்க சேர்” என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்திருக்கிறான்.

மச்சானின் தோணி முடியச் சாயங்காலமாகிவிட்டது. புறப்படும்போது, ஊறிப்போன பின்பலகையை வெட்டியெடுத்துப் புதுப் பலகை வைத்துப் போர்த்த என்ன செலவு வரும் என்று கேட்டேன். விரிப்பு இத்தனை கிலோ, ரெசின் இத்தனை கிலோ என்று கணக்குச் சொன்னான். கூலியைச் சொல்லவில்லை.

“எந்தத் தோணி சேர்?”

“முந்தி எங்கட வீட்டில நின்டது. இப்ப அங்கால கரையில நிக்கிது என்டு கேள்வி.”

“இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க. பாப்பம்.”

அந்தக் காக்காவின் இலக்கம் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் கிடைத்தது. கைத்தொலைபேசியில் போட்டு வைத்திருக்கிறேன். தோணி அவரிடம் இருக்கிறதோ, அதையும் யாருக்காவது விற்றுவிட்டாரோ தெரியாது. விற்றிருந்தால் என்ன சொல்லி விற்றார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கும். எஞ்சினின் பெறுமதியைப் பற்றி நானாகவே பேச்செடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் அழைப்பது என்று இரண்டு தடவை நினைத்தேன். இன்று அசருக்குப் பிறகு எடுக்கிறேன்.